மாப்ளே, ரோல் சுத்துதான்னு பாத்தியா?

முதல்லயே சொல்லிடறேன் மக்களே. இது வழக்கமான மொக்கைப் பதிவு இல்லை. கொஞ்சம் சூடான பதிவு. ஃபிலிம் கேமரா பக்தர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்திருந்தால், ஒரு சொம்பு மோர் குடிச்சிட்டு உட்காருங்க. படிச்சு முடிச்சதும் பின்னூட்டத்துல கும்முங்க, வாங்கிக்கறேன்.

மேட்டர் இதுதான். என் அக்கா பையன் வேலைக்குச் சேர்ந்து, கஷ்டப்பட்டு நாற்பதாயிரம் ரூபாய் மிச்சம் பிடிச்சிருக்கான். கேமரா வாங்கணுமாம். போன வாரம் போன் பண்ணினான்.

"மாமா, டிஜிட்டல் வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். பழைய ஃபிலிம் எஸ்எல்ஆர் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். அதுலதான் உண்மையான போட்டோகிராஃபி கத்துக்க முடியுமாம். ஊருக்கு வந்ததும் முதல் ரோல் அம்மாச்சியத்தான் எடுக்கப் போறேன்."

அம்மாச்சி என்றால் எங்கம்மா. வயசு எழுபத்தெட்டு.

"யாருடா சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க மாமா."

இந்த 'எல்லாரும்' மேலதான் எனக்குக் கோபம். அந்த எல்லாரையும் நானும் படிச்சுக்கிட்டுதான் இருக்கேன். ஃபிலிம்ல எடுக்காதவன் போட்டோகிராஃபரே இல்லைன்னு ஒருத்தர். டிஜிட்டல்ல ஆன்மா இல்லைன்னு இன்னொருத்தர். ஆன்மா எந்த பட்டன்ல இருக்குன்னு கேட்டா பதில் வராது. 36 படம்தான் இருக்கும்கிறதால ஃபிலிம் பொறுமையைக் கத்துக் கொடுக்கும்னு மூணாவது ஆள். சரி, ஒவ்வொண்ணா பார்ப்போம். அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

1998. எனக்கு அப்போ ஒரு செகண்ட் ஹாண்ட் எஸ்எல்ஆர் வாய்ச்சிருந்தது. திருமங்கலம் பக்கத்துல எங்க கிராமம். அப்பத்தாவுக்கு எண்பது தாண்டியாச்சு. காதுல தண்டட்டி போட்ட கடைசித் தலைமுறை. தோள் வரைக்கும் தொங்குற காது, அதுல அந்த கனமான தங்கம். பேரன் போட்டோ எடுக்கிறான்னதும் அப்பத்தா பெட்டியிலேர்ந்து சுங்குடிச் சேலையை எடுத்துக் கட்டிக்கிட்டு திண்ணையில வந்து உக்காந்துச்சு. ஒரு மதியம் முழுக்க எடுத்தேன். திண்ணையில, கிணத்தடியில, வெத்தலை இடிக்கும்போது, ஆட்டுக்குட்டியோட. ஃபிலிம் பக்தர்கள் சொல்ற மாதிரியே, நின்னு நிதானிச்சு, மூச்சை அடக்கி, ஒவ்வொண்ணா. நம்பர் 36 தாண்டி 37, 38ன்னு போச்சு. ரோல்ல ரெண்டு படம் கூடுதலா வந்தா அந்தக் காலத்துல லாபம். எனக்கு ஒரே சந்தோஷம்.

39, 40ன்னு போகும்போதுதான் வயித்தைக் கலக்குச்சு.

கேமராவுக்குள்ள ரோல் மாட்டும்போது அதோட நாக்கை எதிர்ப்பக்கம் இருக்கிற சுருளுக்குள்ள சொருகணும். அது சரியா பிடிக்கலைன்னா லீவரைத் தள்ளுவீங்க, நம்பர் ஓடும், க்ளிக் சத்தம் கேட்கும், ஆனா ஃபிலிம் நகராது. லீவரைத் தள்ளும்போது இடதுபக்கம் இருக்கிற திருகும் கூடவே சுத்துதான்னு பார்க்கணும். நான் பார்க்கலை. அம்புட்டுதான். தப்பு கேமராவோடது இல்லை, என்னோடது. ஸ்டூடியோ அண்ணன் ரோலைக் கழுவி வெளிச்சத்துல தூக்கிக் காட்டினார். ஆரஞ்சு கலர்ல வெறும் பட்டை. ஒரு முகம் கிடையாது.

அடுத்த லீவுக்கு வந்து எடுத்துக்கலாம்னு கிளம்பிட்டேன். நாற்பதாவது நாள் தந்தி வந்தது.

கண்ணீர் அஞ்சலி நோட்டீஸுக்குப் படம் வேணும்னு தேடினப்போ கிடைச்சது வாக்காளர் அட்டை ஒண்ணுதான். அதைப் பெருசாக்கி, ஃப்ரேம் போட்டு, மாலை போட்டு, இன்னிக்கும் வீட்டுல தொங்குது. யாரோ மிரட்டி உட்கார வெச்ச மாதிரி ஒரு முகம். தண்டட்டி இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு கறுப்புப் புள்ளி. அந்தத் தண்டட்டியையும் பிறகு அத்தை மகள் கல்யாணத்துக்கு உருக்கியாச்சு. ஆக, அப்பத்தாவோட காது எப்படி இருந்துச்சுன்னு சொல்ல என் ஞாபகத்தை விட்டா வேற சாட்சி இல்லை.

இப்போ சொல்லுங்க, ஃபிலிம் எனக்குப் பொறுமையைக் கத்துக் கொடுத்துச்சா?

சரி, கொசுவத்தி அணைச்சாச்சு. வாதத்துக்கு வருவோம்.

முதல் வாதம்: ஃபிலிம் நிதானத்தைத் தரும்.

கேரி வினோகிராண்ட்னு ஒரு அமெரிக்கர். தெருப் புகைப்படக் கலையில பெரிய தலை. ஃபிலிம்லதான் எடுத்தார். 1984ல அவர் இறந்தப்போ, எடுத்து முடிச்சும் கழுவாமலே கிடந்த ரோல் மட்டும் சுமார் 2,500. 36ஆல பெருக்கிப் பாருங்க, தொண்ணூறாயிரம் க்ளிக். அந்த மனுஷன் கண்ணாலயே பார்க்காத படங்கள். ஃபிலிம் அவரை நிதானப்படுத்துச்சா? நிதானம் ஆளுக்குள்ள இருக்கிற சமாச்சாரம்யா. பெட்டிக்குள்ள இல்லை.

இன்னொரு கூத்தைக் கேளுங்க. 2025ல ஃபூஜி கம்பெனி 'எக்ஸ் ஹாஃப்'னு ஒரு டிஜிட்டல் கேமரா விட்டது. அதுல ஃபிலிம் கேமரா மோடுன்னு ஒண்ணு உண்டு. 36, 54, 72ன்னு ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்துட்டா, அத்தனையும் எடுத்து முடிக்கிற வரைக்கும் எடுத்த படத்தைப் பார்க்க முடியாது. ஒவ்வொரு படத்துக்கும் நடுவுல லீவரை வேற இழுக்கணும். அதாவது, பார்க்காம இருக்கிறதுக்கும் காசு! நான் ஓசியிலயே ஒரு வழி சொல்றேன். மெனுவுல போய் ஸ்க்ரீனை அணைச்சிடுங்க. இன்னிக்கு 36 க்ளிக்குதான்னு மனசுக்குள்ள சத்தியம் பண்ணிக்கோங்க. சத்தியத்தைக் காப்பாத்த முடியலைன்னா, மன்னிக்கணும், ஃபிலிம் வாங்கினாலும் நீங்க தேறப் போறதில்லை.

இரண்டாவது வாதம்: கத்துக்க ஃபிலிம்தான் சரி.

இதுதான் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏத்துற வாதம். கத்துக்கறதுன்னா என்ன? ஒண்ணைச் செய்யறோம், விளைவைப் பார்க்கறோம், தப்பைத் திருத்தறோம். சைக்கிள் ஓட்டப் பழகுறவன் இன்னிக்கு விழுந்தா, வலி மூணு வாரம் கழிச்சு கூரியர்ல வந்தா எப்படி இருக்கும்? ஃபிலிம்ல கத்துக்கறது அப்படித்தான். ஷட்டர் எவ்வளவு, அபர்ச்சர் எவ்வளவுன்னு நான் ஒரு குயர் நோட்டுல எழுதி வெச்சேன். பிரிண்ட் வர்றப்போ நோட்டைக் காணோம். நோட்டு இருந்தா எந்த வரி எந்தப் படத்துக்குன்னு புரியலை.

எஸ்எல்ஆர்ல லென்ஸுக்குப் பின்னாடி ஒரு கண்ணாடி சாய்ஞ்சு நிற்கும். நீங்க பார்க்கிறது அதுல பட்டு மேல வர்ற காட்சியை. படம் எப்படி விழப் போகுதுன்னு அது சொல்லாது. மிரர்லெஸ்ல அந்தக் கண்ணாடியே கிடையாது. சென்சார் பார்க்கிறதையே நேரா உங்க கண்ணுக்குக் காட்டுறான். வெளிச்சம் கூடுனா அங்கேயே வெளுத்துத் தெரியும். குறைஞ்சா இருட்டாத் தெரியும். டயலைத் திருப்பத் திருப்ப விளைவு கண் முன்னாடி. எடுத்த படத்தோட ஷட்டர், அபர்ச்சர், ஐஎஸ்ஓ எல்லாம் அந்த ஃபைலுக்குள்ளயே எழுதியிருக்கும். குயர் நோட்டு வேண்டாம். இதைவிடப் பொறுமையான வாத்தியார் எங்கய்யா கிடைப்பார்?

அப்புறம் வெளிச்சம். நம்ம கிராமத்து வீட்டு உள்அறை எப்படி இருக்கும்னு தெரியும்ல? ஒத்தை பல்பு. 1.8 அபர்ச்சர் லென்ஸ் மாட்டி, ஐஎஸ்ஓ 3200ல வெச்சா 1/60 செகண்ட் ஷட்டர் கிடைக்குதுன்னு வையுங்க. கையில பிடிச்சே எடுக்கலாம். அதே அறையில 400 ஃபிலிம் போட்டிருந்தா 1/8 செகண்ட். எண்பது வயசுப் பாட்டி 1/8 செகண்ட் அசையாம உட்காரணும், உங்க கையும் ஆடக்கூடாது. இல்லைன்னா மூஞ்சியில ஃப்ளாஷ் அடிக்கணும். ரோல் நடுவுல ஐஎஸ்ஓவை மாத்தவும் முடியாது.

மூணாவது, பணம்.

இதை ஏன் பக்தர்கள் பேசவே மாட்டேங்கறாங்க? பையனும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவன் பார்த்து வெச்ச பழைய கேமரா 14,000. எங்களுக்குக் கிடைச்ச விலையில கலர் ரோல் 1,150, கழுவி ஸ்கேன் பண்ண 600, கூரியர் 150. ஆக ரோலுக்கு 1,900. ஒரு க்ளிக்குக்கு 53 ரூபாய். மிச்சமிருக்கிற 26,000ல 13 ரோல் வரும். மொத்தம் 468 படம். அதோட பர்ஸ் காலி, படிப்பும் காலி.

இன்னொரு பக்கம். சோனி ஏ6000ன்னு 2014ல வந்த சின்ன மிரர்லெஸ். செகண்ட் ஹாண்ட்ல கூடவே வர்ற லென்ஸோட 31,000க்குப் பேசி வெச்சோம். எடை 350 கிராமுக்குள்ள, லென்ஸ் தனி. கார்டு, இன்னொரு பேட்டரி சேர்த்து 3,000. மிச்சம் 6,000. எங்க ஊர்ல ஒரு பிரிண்ட் பத்து ரூபாய், ஆக 600 பிரிண்ட்! ஃபிலிம்காரன் எடுக்கிற மொத்தப் படத்தைவிட டிஜிட்டல்காரன் பிரிண்ட் போடுற படம் அதிகம். அவன் எடுக்கிறது எத்தனை ஆயிரமோ, அதுக்குக் கணக்கே இல்லை.

இருக்கிறவன் வாங்கிட்டுப் போகட்டும், அது அவன் பொழுதுபோக்கு. இல்லாத பையன்கிட்ட போய் இதுதான் உண்மையான வழின்னு சொல்றதுதான் எனக்கு ஆகலை.

நாலாவது: ஃபிலிம்ல பொய் கிடையாது, எடிட்டிங் கிடையாது.

அடப் போங்கய்யா. ஆன்செல் ஆடம்ஸ் 1941ல ஹெர்னாண்டஸ்ங்கிற ஊர்ல நிலா எழும்புறதை எடுத்த படம் உலகப் பிரசித்தம். அந்த ஒரே நெகட்டிவை வெச்சு பல வருஷம் விதவிதமா பிரிண்ட் போட்டார். வானத்தை டார்க் ரூம்ல கறுப்பாக்கிக்கிட்டே போனார். 1948ல நெகட்டிவோட கீழ்ப்பகுதியை மறுபடியும் ரசாயனத்துல முக்கி பளிச்சின்னு ஆக்கினார். அது எடிட்டிங் இல்லையா? அவ்வளவு ஏன், இன்னிக்கு நீங்க ரோல் கழுவக் கொடுத்தா லேப்காரர் என்ன பண்றார்? ஸ்கேன் பண்ணி, கலர் திருத்தி, ஃபைலா அனுப்பறார். அதை நீங்க போன்ல பார்க்கறீங்க. கடைசியில டிஜிட்டல்தான, தல? சுத்தி வளைச்சு மூக்கைத் தொடறதுக்கு 1,900 ரூபாயா?

ஐந்தாவது, நம்பி இருக்கிறது யாரை?

பழைய கேமராவுல பின்பக்கக் கதவோரம் இருக்கிற ஸ்பாஞ்ச் பொடிஞ்சு வெளிச்சம் உள்ள இறங்கும். மெதுவான ஷட்டர் வேகங்கள் ஒட்டிக்கும். நம்ம ஊரு ஈரக்காத்துல லென்ஸுக்குள்ள பூஞ்சை வலை பின்னும். சில மாடலுக்கு வேண்டிய பாதரச பேட்டரியே இப்போ தயாரிப்பில இல்லை. இதெல்லாம் போகட்டும்னா, ரோலும் லேபும் வேணும். முன்னெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு கலர் லேப். இன்னிக்கு எங்க ஊர்லேர்ந்து சென்னைக்குத்தான் அனுப்பணும். கலர் நெகட்டிவ் தயாரிக்கிற கம்பெனிகளை உலகம் பூரா விரல் விட்டு எண்ணிடலாம்.

நம்ம ஊட்டியிலயே இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? 1960ல மத்திய அரசு தொடங்கின கம்பெனி. 'இந்து'ங்கிற பேர்ல கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் செஞ்சாங்க. அதுவும் நலிஞ்சு, மூடி, முடிஞ்சு போச்சு. கோடாக்ரோம்னு ஒரு ஸ்லைடு ஃபிலிம். 2009ல கோடாக் நிறுத்தினாங்க. அதைக் கழுவ உலகத்துல மிஞ்சினது அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்துல ஒரே ஒரு லேப். 2010 டிசம்பரோட அவங்களும் ரோல் வாங்குறதை நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் யார் வீட்டுப் பீரோவுலயாவது கழுவாத கோடாக்ரோம் கிடைச்சா, அந்தக் கலர்ல அதைப் பார்க்க வழியே இல்லை.

இம்புட்டு பேசிட்டு நேர்மையா ஒண்ணு சொல்லலைன்னா நான் மனுஷன் இல்லை.

2006லேர்ந்து 2009 வரைக்கும் நான் டிஜிட்டல்ல எடுத்த அத்தனை படமும் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்ல இருந்துச்சு. 2010ல ஒரு காலையில அது 'டிக் டிக்'னு சத்தம் போட்டுட்டு செத்துப் போச்சு. மகளோட முதல் ரெண்டு பிறந்தநாள் அதுக்குள்ளதான். ஆனா 1990கள்ல எடுத்த நெகட்டிவெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுல, ஓரமா கொஞ்சம் பூஞ்சையோட, இன்னிக்கும் இருக்கு. தூக்கிப் பிடிச்சா முகம் தெரியுது. இந்த ஒரு விஷயத்துல ஃபிலிம் பக்தர்கள் சொல்றது நூத்துக்கு நூறு சரி. கையில தொடுற பொருள் நிற்கும். இன்னொண்ணும் ஒத்துக்கறேன். கலர் நெகட்டிவ்ல வெளிச்சம் ரெண்டு மூணு ஸ்டாப் கூடிப் போனாலும் படம் தாங்கும். டிஜிட்டல்ல வெளுத்தது வெளுத்ததுதான், திரும்ப வராது. வீட்டுலயே கறுப்பு வெள்ளை ரோல் கழுவி, அந்த வாசனையில சொக்கிப் போற ஆட்கள் இருக்காங்க. அவங்களோட எனக்குச் சண்டை கிடையாது. அது ஒரு கைத்தொழில், வாழ்க.

ஆனா நெகட்டிவ் நின்னதுக்குக் காரணம் மந்திரம் இல்லை. அது பொருளா இருந்துச்சு, அவ்வளவுதான். டிஜிட்டலையும் பொருளாக்கலாம். மாசம் பத்து படம் பிரிண்ட் போடு. பின்னாடி தேதியும் பேரும் எழுது. ஆல்பத்துல சொருகு. ஃபைலை ரெண்டு இடத்துல வை, ஒண்ணு வீட்டுக்கு வெளியில. எங்க தப்பு டிஜிட்டல் வாங்கினது இல்லை. வாங்கினதும் பிரிண்ட் போடறதை நிறுத்தினதுதான்.

பழசு மேல ஆசையா? அதுக்கும் வழி இருக்கு. மிரர்லெஸ்ல கண்ணாடி இல்லாததால லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவுல இடம் கம்மி. சோனியில 18 மில்லிமீட்டர். பழைய நிகான் லென்ஸுக்கு 46.5 வேணும். நடுவுல ஒரு வெத்து வளையம், அதாவது அடாப்டர், போட்டு நிரப்பிடலாம். ஆக, தாத்தா காலத்து 50 எம்எம் லென்ஸைப் புதுப் பெட்டியில மாட்டி, கையால ஃபோகஸ் பண்ணி, அபர்ச்சர் வளையத்தை டிக் டிக்னு திருப்பி ஆசை தீர எடுக்கலாம். ஏ6000ல அது 75 எம்எம் மாதிரி பார்க்கும், முகம் எடுக்க அம்சமா இருக்கும். சொகத்துக்குச் சொகம், படமும் கையில.

இத்தனையையும் பையன்கிட்ட சொன்னேன். "நீங்க ரொம்ப உணர்ச்சிவசப்படறீங்க மாமா"ன்னான். ஆமாடா, படறேன்.

"மாப்ளே, நீ எந்த எழவை வேணா வாங்கு. ஃபிலிமே வாங்கினாலும் திருகு சுத்துதான்னு பாத்து எடு. ஆனா அம்மாச்சிய மட்டும் அதுல முதல்ல எடுக்காத. எடுத்த உடனே பாக்குற மாதிரி எதுலயாவது எடு. கண்ணு மூடிருந்தா இன்னொண்ணு எடு. எழுபத்தெட்டு வயசுடா. அடுத்த லீவுக்கு வந்து பாத்துக்கலாம்னு சொல்ற வயசு இல்ல."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவா, "அப்பத்தா பாட்டி படம் ஏன் அப்படி இருக்குன்னு இப்பதான் மாமா தெரியுது"ன்னான்.

ஞாயித்துக்கிழமை வந்தான். ஏ6000 இன்னும் கைக்கு வரலை, என்னோட மிரர்லெஸ்ஸைத்தான் கொடுத்தேன். அம்மா கீரை ஆஞ்சுக்கிட்டிருந்துச்சு. முதல் படத்துல கண்ணு மூடியிருந்தது. ரெண்டாவதுல வாய் கோணல். மூணாவதுல தலையை ஆட்டிடுச்சு. அங்கேயே காட்டினான். "என்னடா கெழவி மாதிரி இருக்கேன்"னு அம்மா சிரிச்சுச்சு. அந்தச் சிரிப்பு பதினோராவது படம். சாயங்காலமே பிரிண்ட் போட்டு, பின்னாடி தேதி எழுதி ஆல்பத்துல வெச்சாச்சு. இருபத்தஞ்சு ரூபாய், பெரிய சைஸ்.

டிஸ்கி: ஃபிலிம் நண்பர்களே, உங்க மேல தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. உள்குத்தும் இல்லை, எல்லாம் வெளிக்குத்துதான் :-) ஆனா அடுத்த தடவை புதுசா கத்துக்க வர்ற பையன்கிட்ட ஆன்மா பத்திப் பேசறதுக்கு முன்னாடி, உங்க வீட்டுப் பெரியவங்களை ஒரு நல்ல படம் எடுத்து பிரிண்ட் போட்டிருக்கீங்களான்னு பாத்துட்டு வந்து பேசுங்க. டிஜிட்டல் நண்பர்களே, நீங்க சிரிக்காதீங்க. உங்களுக்கும் அதே கேள்விதான்.